அந்த அஞ்சு நாள் சம்பளம்

ஆன்டன் செக்காவ் 1883ல் எழுதின ஒரு குட்டிக் கதை. வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்குடுக்கிற யூலியா வசீலியெவ்னாவைக் கூப்பிட்டு வச்சு முதலாளி சம்பளக் கணக்குப் பார்க்கிறார். பேசினது மாசம் 40 ரூபிள். இவர் 30ங்கிறார். அந்தப் பொண்ணு வேலை பார்த்தது ரெண்டு மாசம் அஞ்சு நாள். இவர் சரியா ரெண்டு மாசம்ங்கிறார். ஞாயித்துக்கிழமைக்குப் பிடித்தம், பையனுக்கு உடம்பு முடியாத நாளுக்குப் பிடித்தம், அவளுக்குப் பல்வலி வந்ததுக்குப் பிடித்தம், கோப்பை உடைஞ்சதுக்கு 2, பையன் மரம் ஏறிச் சட்டையைக் கிழிச்சதுக்கு 10. கடைசியில 11 ரூபிள். வாங்கிக்கிட்டு நன்றி சொல்றா. எதுக்கு நன்றின்னா, மத்த இடத்துல ஒண்ணுமே குடுக்கலையாம்.

'சும்மா உனக்கு ஒரு பாடம்'னு சொல்லி 80 ரூபிளை எடுத்துக் குடுக்கிறார் முதலாளி. இப்படியா வாயில்லாப்பூச்சியா இருப்பேன்னு கேள்வி வேற.

படிக்கிறவங்க அந்தப் பொண்ணு மேலதான் எரிச்சல் படுறாங்க. நெல்லு எடை போடுற இடத்துல நின்னு பழகின புத்தி எனக்கு, கணக்குதான் உறுத்துது. 80ன்னா 40 வீதம் ரெண்டு மாசம். அந்த அஞ்சு நாள் எங்கே? நியாயம் சொல்லிக்குடுத்த மனுஷன் அதையும் சேர்த்து முழுங்கிட்டார். அவளும் கேக்கல. கேட்டா இந்த வேலையும் போயிடும்னு தெரிஞ்சவ அவ. அதுக்குப் பேரு முட்டாள்தனமா?

நெய்வேலி நகரியத்துக்கு வேலைக்குப் போற சுத்துப்பட்டு ஒப்பந்தத் தொழிலாளிங்களை நினைச்சுக்கிறேன். அதுல பல பேரு வீட்டு நிலம் சுரங்கத்துக்குப் போயிருக்கு. கேக்காம இருந்தவரைக்கும் 'வாயைத் தொறந்து கேளுங்கடா'ன்னு டீக்கடையில புத்தி சொன்னாங்க. 2023 ஜூலையில பணி நிரந்தரம் கேட்டு வேலைநிறுத்தத்துல உக்காந்தாங்க. அதே பெஞ்சுல அதே ஆளுங்க, 'கிடைச்ச வேலையைப் பார்க்காம இவனுங்களுக்கு என்ன திமிரு'ன்னாங்க.

செக்காவோட முதலாளியும் அப்படித்தான் சொல்லியிருப்பார், அந்தப் பொண்ணு அஞ்சு நாளைக் கேட்டிருந்தா.