பெரியவர்கள் விழாமல் காப்போம்

குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்தார், வாசற்படியில் தடுக்கி விழுந்தார் என்று தோட்டத்துப் பெரியவர்களைப் பற்றி அடிக்கடி கேள்விப்படுகிறோம். "வயசாச்சு, என்ன செய்யறது?" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். இந்தப் பேச்சை நாம் விட்டொழிக்க வேண்டும்.

விழுவதால் வரும் கேடு கொஞ்சநஞ்சமல்ல. இடுப்பெலும்பு முறிந்த பாட்டி பழையபடி நடமாடுவது சிரமம். பலர் படுத்த படுக்கையாகி விடுகிறார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் வேலைக்குப் போகாமல் நிற்க வேண்டும். நாள் சம்பளக் குடும்பத்தில் ஒரு கை நின்றால் என்ன ஆகும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"நாப்பது வருசம் மேடும் பள்ளமும் ஏறி எறங்கிப் பால் வெட்டின காலு, இதுக்குப் பயிற்சி எதுக்கு?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அப்போது வேலையே பயிற்சியாக இருந்தது. வேலை நின்று, உட்கார்ந்தே பொழுது போகும்போது காலில் பலம் குறைகிறது, உடம்பு தடுமாறுகிறது. ஆனால், எழுபது வயதிலும் பயிற்சி செய்தால் இழந்த பலத்தை ஓரளவு மீட்கலாம்.

2019-இல் வெளிவந்த கொக்ரேன் மருத்துவ ஆய்வுத் தொகுப்பு 108 ஆய்வுகளை அலசியது. பயிற்சி செய்த முதியோர், 100 தடவை விழக்கூடிய இடத்தில் 77 தடவைதான் விழுந்தார்கள் என்று அது கணக்கிட்டது. வெறும் நடை மட்டும் போதாது. காலுக்குப் பலமும் உடம்புக்கு நிதானமும் தரும் பயிற்சி வேண்டும்.

கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழுந்து உட்காரலாம். நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்கலாம். சுவரோரமாக, ஒரு காலின் விரல் நுனியில் மறுகாலின் குதியை வைத்து அடியடியாக நடக்கலாம். டவுன் பூங்காக்களில் சீனப் பெரியவர்கள் காலையில் கூட்டமாகத் தாய்ச்சி செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் விழாமல் காக்கும் பயிற்சிதான். தனியாகச் செய்தால் நாலு நாளில் விட்டுவிடுவோம். கூட்டாகச் செய்தால் நிலைக்கும்.

சமூகநலத் துறையின் முதியோர் நடவடிக்கை மையங்கள் நாட்டில் உண்டு. ஆனால், தோட்டத்திலிருந்து பஸ் ஏறி அங்கே போய்வர எத்தனை பேரால் முடியும்? ஆகவே, தோட்டத்துக் கோயில் மண்டபத்திலேயே வாரம் மூன்று மாலை, ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் என்று கோயில் கமிட்டியினரையும், தொழிற்சங்கக் கிளையினரையும், இளைஞர் மன்றத்தாரையும் கேட்டுக்கொள்கிறோம். முதலில் அரசாங்கக் கிளினிக்கில் சொல்லி, முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே விழுந்தவர்களும், தலைசுற்றல், நெஞ்சுவலி உள்ளவர்களும் டாக்டரைக் கேட்ட பிறகே சேர வேண்டும்.

உடைந்த படிகளையும் எரியாத விளக்குகளையும் சரிசெய்து தரும்படி நிர்வாகத்தை வற்புறுத்துவதும் நம் கடமை.

திருவிழாப் பந்தலுக்கு முந்திக்கொண்டு வரும் இளைஞர்களே! உங்களைத் தூக்கி வளர்த்தவர்களைக் கைபிடித்து மண்டபத்துக்கு அழைத்து வாருங்கள். இந்த மாதமே தொடங்குங்கள்.