முதியோரும் மருந்தின் அளவும்

திருக்குறளில் 95ஆம் அதிகாரம் மருந்து. அதனைப் படிப்பிக்கும்போது மாணாக்கருள் ஒருவர் தவறாமற் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "மருந்து என்று பெயர் வைத்துவிட்டு வள்ளுவர் உணவைப்பற்றி அல்லவா பேசுகிறார்?" கேள்வி நியாயமானதே. பத்துக் குறளிற் பெரும்பகுதி உண்ணும் அளவைப் பற்றியது. மருத்துவன் வருவது கடைசியிலே. வந்தவன் முதலில் அறியவேண்டியது நோயின் அளவை அன்று, நோயாளியின் அளவை. அந்த அளவை விரிக்கும் பரிமேலழகர் பருவத்தையும் அதனுள் அடக்குகின்றார். பருவமாவது வயது. முப்பது வயதினன் உடம்புக்கு அளந்ததையே எண்பது வயதினள் உடம்புக்கும் அளப்பது நூல்நெறி அன்றென்பது இதனாற் பெறப்படும்.

நம் மட்டக்களப்பு நாட்டில் இன்று நடப்பது என்ன? எழுவான்கரையிலாயினும் படுவான்கரையிலாயினும் முதியோர் உள்ள வீட்டில் ஒரு பை தொங்கும். உள்ளே கிளினிக் கொப்பி. கடதாசி உறைகளிற் குளிசைகள். சீனி வருத்தத்துக்கு இரண்டு, பிறசருக்கு இரண்டு, கொழுப்புக்கு ஒன்று, நெஞ்சுக்கு ஒன்று. இவை அரசாங்க ஆஸ்பத்திரியிற் கொடுத்தவை. நாரிக் குத்துக்கெனத் தனியார் வைத்தியரிடம் வாங்கியவை வேறு. நித்திரை வரவில்லை என்று வாங்கியது வேறு. தடிமனுக்குக் கடையில் வாங்கிய பிரித்தன் வேறு. கொடுத்தவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நோயைக் கண்டனர். பையை முழுதாகக் கண்டவர் எவருமிலர்.

என்னிடம் உறைகளைக் கொண்டுவந்து வாசிக்கச் சொல்லும் முதியோர் பலர். ஓர் ஆச்சி இரண்டு உறைகளை நீட்டி, "தம்பி, இது ரெண்டும் வேறவேறதானே?" என்றார். ஒன்றில் மருந்தின் பொதுப்பெயர். மற்றதிற் கொம்பனி வைத்த பெயர். இரண்டும் லொசாட்டனே. ஒன்று ஆஸ்பத்திரியிற் கொடுத்தது; மற்றது அங்கே இருப்பு இல்லாத மாதத்தில் வெளியே வாங்கியது. ஆச்சி இரண்டையும் முறை தவறாது விழுங்கி வந்திருக்கிறார். எழும்பும்போது தலைசுற்றுகிறது என்று சொன்னதற்குத் தலைசுற்றுக்கும் ஒரு குளிசை கிடைத்திருந்தது!

இதனை அந்த ஆச்சியின் அறியாமை என்று தள்ளிவிடல் ஆகாது. 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்து மருந்துத் தட்டுப்பாடு உண்டானபோது, துண்டு எழுதி வெளியே வாங்கச் சொல்வது எங்கும் வழக்கமாயிற்று. ஒரு பொருளுக்குப் பல பெயர் என்னும் தொல்லையை நெடுங்காலத்தின் முன்னரே கண்டவர் பேராசிரியர் செனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியபோது அதன் தலைவராய் இருந்து, மருந்தைப் பொதுப்பெயராலேயே எழுதவும் வாங்கவும் வேண்டுமென்று போராடினார். அவர் 1977இல் மறைந்தார். வணிகப் பெயர்கள் மறையவில்லை. பலபொருள் ஒருசொல்லும் ஒருபொருட் பலசொல்லும் நிகண்டுக்கு அழகு. மருந்துப் பைக்கு அவை ஆபத்து.

முதுமையில் உடம்பு மருந்தை நடத்தும் விதமே வேறு. உடம்பின் நீர் குறையும். கொழுப்பின் பங்கு கூடும். டயசெபாம் போன்ற நித்திரைக் குளிசைகள் கொழுப்பிற் போய்த் தங்குவன. இளையோன் உடம்பை விட்டு விரைவில் நீங்குவது முதியோன் உடம்பிற் பல நாள் நிற்கும். இராத்திரி விழுங்கியது மறுநாட் பகலிலும் காலைத் தடுமாறச் செய்யும். கிணற்றடியில் விழுந்தார், இடுப்பு எலும்பு முறிந்தது என்கிறோம். விழுத்தியது பாசியா குளிசையா என்று யாரும் கேட்பதில்லை. சிறுநீரகத்தின் வலுவும் வயதோடு குறைவது. இதில் ஒரு நுட்பம் உண்டு. தசை வற்றிய முதியோரின் இரத்தத்திற் கிரியேற்றினின் எண் சரியாகவே தோன்றும். சிறுநீரகமோ பாதி வலுவில் இருக்கும். அந்த எண்ணை மட்டும் பார்த்து டைகுளோபெனக் எழுதினால், அதுவும் பிறசர்க் குளிசையோடும் நீர்க் குளிசையோடும் சேர்த்து எழுதினால், மிஞ்சிய வலுவும் போய்விடக்கூடும். பிரித்தன் சாதுவான மருந்தென்பது ஊர் நினைப்பு. முதியோருக்கு அது மனக்குழப்பத்தையும் மூத்திர அடைப்பையும் தரவல்லது.

நாம் பேசாத இன்னொன்று விரதம். கந்தசஷ்டி ஆறு நாளும் நம் மூதாட்டியர் பட்டினி கிடப்பர். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நோன்பு நோற்கும் முதியோரும் அப்படியே. சோறில்லாத வயிற்றிற் சீனிக் குளிசை மட்டும் போனால் இரத்தத்திற் சீனி விழுந்துவிடும். கிளிபென்கிளமைட் என்னும் பழைய மருந்து இதில் மிகப் பொல்லாதது. 60 வயதுக்கு மேற்பட்டோருக்கு அது ஏற்றதன்று என உலக சுகாதார தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே குறித்துள்ளது. விரதம் பிடிப்பீர்களா என்று வைத்தியர் கேட்பதில்லை. ஏசுவார் என்றஞ்சி ஆச்சி சொல்வதுமில்லை. நாட்டு மருந்தும் இவ்வாறே ஒளிக்கப்படுகிறது. நான் நாட்டு வைத்தியத்தை இகழ்பவன் அல்லேன். ஆயினும் நாட்பட உண்ட அதிமதுரம் பிறசரை ஏற்றும் என்பதைப் பிறசர் பார்ப்பவர் அறிந்திருக்க வேண்டாமா?

பிற நாட்டார் இதற்கு வழி தேடியுள்ளனர். அமெரிக்காவில் மார்க் பியர்ஸ் என்னும் மருத்துவர் 1991இல், முதியோருக்குத் தவிர்க்கத்தக்க மருந்துகளைப் பட்டியலாக்கினார். அங்குள்ள முதியோர் மருத்துவச் சங்கம் அதனைத் திருத்தித் திருத்தி 2023 வரை வெளியிட்டுள்ளது. 2008இல் அயர்லாந்து மருத்துவர் இரண்டு பட்டியல் செய்தனர். ஒன்றின் பெயர் 'நிறுத்துக' என்னும் பொருளது. மற்றது 'தொடங்குக' என்னும் பொருளது. இரண்டும் வேண்டியனவே. வயது போய்விட்டதென்று கொடுக்காது விடப்பட்ட நல்ல மருந்தும் உண்டல்லவா? இவை சட்டங்கள் அல்ல. மருத்துவர் தம் முன்னிருக்கும் ஆளைப் பார்த்து ஓர்ந்து கொள்ளவேண்டிய குறிப்புகள். இதை வாசித்துவிட்டுத் தாமாகவே குளிசையை நிறுத்துவோரும் பிழை செய்வர். சில மருந்தைச் சடுதியாக நிறுத்துவது உயிருக்கே மோசம்.

வள்ளுவர் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக அருகிருந்து மருந்தூட்டுபவனையும் வைத்தார். நம் ஊர்களில் அந்த இடம் வெறுமை. மகள் மத்தியகிழக்கில் வீட்டுவேலைக்குப் போயிருப்பாள், பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தில். உறையிலோ ஆங்கிலச் சுருக்கெழுத்து. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்கரான சாமுவேல் கிறீன், தமிழில் நூல் செய்து தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் தமிழிற் கலைச்சொல் ஆக்கும் பணியில் முன்னின்றார். இத்தனைக்கும் பிறகு 'பிறசருக்கு, காலையில் ஒன்று, சாப்பிட்டபின்' என்று ஓர் உறையில் எழுத நமக்குத் தமிழ் போதவில்லையாம்.

நான் கேட்பது பெரிதன்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது, கிளினிக்குக்கு வரும் முதியோர் ஒவ்வொருவரின் பையும் முழுதாகக் கவிழ்க்கப்படல் வேண்டும். எண்ணெய்ப் போத்தல், சூரணம் உட்பட. இது எதற்கு, இன்னும் வேண்டுமா என ஒவ்வொன்றையும் கேட்டு, எஞ்சியதைக் கொப்பியின் முதற்பக்கத்திலே தமிழில் எழுதல் வேண்டும். நேரமில்லை என்பார்கள். விடியற்காலையில் எழும்பி நம்பர் எடுக்க நிற்கும் கூட்டத்தை நானும் கண்டிருக்கிறேன். வைத்தியர் மேற் குறை சொல்வதற்கில்லை. ஆனாற் பையைக் கவிழ்த்து எண்ணவும் எழுதவும் வைத்தியரே வேண்டுமென்பதில்லை. மருந்தாளர் செய்யலாம்; தாதியர் செய்யலாம். வெட்டுவதும் குறைப்பதும் மட்டுமே வைத்தியர் வேலை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் படுவான்கரையார் ஆஸ்பத்திரிக்கு வருவது எளிதாயிற்று. வந்தவர் காத்திருக்கும் மூன்று நான்கு மணித்தியாலமும் வாங்கிலே வீணே கழிகின்றது. எண்ணும் வேலையை அங்கேயே தொடங்கலாம். கந்தசஷ்டிக்கும் நோன்புக்கும் முந்திய மாதத்துக் கிளினிக்கில், சீனிக் குளிசை உண்போரிடம் பட்டினி கிடப்பீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவும் அந்த வாங்கே போதும்.