மருந்தகத்தின் ஆளணி

கல்முனைக் கரையில் வைத்தியசாலையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அது தரத்தைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. எந்த வைத்தியசாலையை எந்தப் படிக்கு உயர்த்துவது, எதற்கு மாடிக் கட்டடம் கிடைத்தது, யாருடைய காலத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது என்பனவே மேடைகளில் ஒலிக்கின்றன. நகரத்தினுள் ஒன்றுக்கொன்று அண்மையில் வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் இருக்கின்றன. ஒன்றுக்குக் கிடைத்தது மற்றதற்கு ஏன் கிடைக்கவில்லை என்று தமிழரும் முஸ்லிம்களும் கணக்குப் பார்ப்பதிலேயே எமது பிரதிநிதிகளின் காலம் கழிகிறது. இவ்விரு நிலையங்களின் தேவையை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும் மருதமுனை நெசவாளரும் நிந்தவூர் வட்டையில் இறங்கும் கமக்காரரும் நோய் கண்ட முதல் நாளில் போய் நிற்பது ஊர் மருந்தகத்தின் வாசலில். அன்றேல் மாலையில் ஒரு தனியார் டிஸ்பென்சரியின் வாங்கில். அங்கே அவர்களுக்காக யார் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி எந்த மேடையிலும் எழுந்ததாகத் தெரியவில்லை.

பல இடங்களில் ஒரு வைத்தியர் இருக்கிறார். மருந்து கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். அவ்வளவே. வைத்தியர் பட்டம் பெற்றவராயிருக்கலாம். முற்காலத்து அப்போதிக்கரியின் வழிவந்த பதிவு பெற்ற வைத்திய அலுவலராயிருக்கலாம். காலை முழுவதும் வரிசை நகர்கிறது. துண்டு எழுதப்படுகிறது, குளிசை எண்ணப்படுகிறது, அடுத்தவர் அழைக்கப்படுகிறார். இதற்காக வைத்தியரைக் குறை கூறுவது நியாயமன்று. ஒருவர் செய்யக்கூடிய வேலையை மட்டுமே ஒருவர் செய்ய முடியும்.

இதே ஊரில் இன்னொரு காட்சியும் உண்டு. ஒரு பெண் கருவுற்றால், குடும்ப நல மாது அவள் பெயரைத் தம் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார். வீடு தேடி வருகிறார். இரத்தச் சோகையைக் கவனிக்கிறார். கிளினிக்குக்கு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கிறார். அவருக்கு மேலே பொதுச் சுகாதாரத் தாதி; அவருக்கும் மேலே சுகாதார வைத்திய அதிகாரி. வீட்டுக் கிணற்றையும் கடைத் தெருவின் உணவையும் பார்ப்பதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வேறு. ஒரு தாய்க்குப் பின்னால் ஓர் அணியே நிற்கிறது.

இவ்வேற்பாடு தானாக வந்ததன்று. 1926ஆம் ஆண்டில் ரொக்பெல்லர் மன்றத்தின் துணையுடன் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. எல்லை குறித்த ஒரு பிரதேசம், அதற்குள் வாழும் எண்ணிக்கை தெரிந்த மக்கள், அவர்களுக்குப் பொறுப்பான ஒரு குழு என்பதே அதன் அடிப்படை. அந்த முறை ஊருக்கு ஊர் பரவியது. 1930களில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்த இந்நாட்டில், இந்நூற்றாண்டில் அத்தொகை 50க்கும் கீழே இறங்கியிருக்கிறது. கல்வியும் மலேரியா ஒழிப்பும் இலவச வைத்தியமும் இதற்கு உதவின என்பது உண்மையே. ஆயினும் சைக்கிளில் ஒழுங்கை ஒழுங்கையாகச் சென்ற அந்த மருத்துவ மாது இல்லாமல் இது நடந்திருக்காது என்பதை எவரும் மறுக்கமாட்டார்.

நாம் கேட்பது இதுதான். மனைவியைப் பெயர் சொல்லி அழைக்கும் அரசாங்கத்துக்கு, அவளுடைய கணவனின் சீனி வருத்தம் ஏன் தெரியவில்லை? இன்று இந்நாட்டில் நிகழும் மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு தொற்றா நோய்களால் நிகழ்கின்றன. சீனியும் பிறசரும் இருதய நோயும் பாரிசவாதமும் ஒரு துண்டோடு தீருபவையல்ல; இருபது முப்பது ஆண்டுகள் ஒரு மனிதனோடு கூடவே வாழ்பவை. இவற்றுக்கு முகங்கொடுக்க 35, 40 வயதைக் கடந்தோரைப் பரிசோதிக்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் 2011ஆம் ஆண்டு முதல் நிறுவப்பட்டன. நல்ல முயற்சி. ஆனால் நெல் வெட்டும் நாளில் கமக்காரர் அங்கே போவாரா? போகாதவரைத் தேடி வருபவர் யார்?

சேற்றிலே வெறுங்காலுடன் நிற்பவருக்குச் சீனி இருந்தால், காலில் ஏற்பட்ட சிறு கீறல் அவருக்கு நோவதில்லை. நோவாதபடியால் அவர் வருவதுமில்லை. வரும்போது விரலை எடுக்க வேண்டியிருக்கிறது; சிலருக்குக் காலையே. அந்தப் பாதத்தை மூன்று மாதத்துக்கொருமுறை விரித்துப் பார்க்க ஒரு விசேட வைத்தியர் வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற ஒரு தாதி போதும். ஆனால் அந்தத் தாதி ஊர் மருந்தகத்தில் இருக்க வேண்டும். இரத்தத்தைச் சோதிக்க ஒரு சிறு ஆய்வுகூடமும் அதற்கு ஒருவரும் இருந்தால், ஒரு நாட் கூலியை இழந்து பட்டணம் போக வேண்டிய தேவையும் இராது. பாரிசவாதத்தால் விழுந்தவர் பெரிய வைத்தியசாலையிலிருந்து உயிரோடு வீடு வந்து சேருகிறார். அதன் பின்னர் அவருடைய கையையும் காலையும் அசைத்துப் பழக்குவது யார்? இயன்மருத்துவர் ஒருவர் வாரத்தில் ஒரு நாளாவது ஊருக்கு வந்தால், கட்டிலோடு கிடப்பவர்களிற் சிலரேனும் தாமாக எழுந்து பள்ளிக்கும் கோவிலுக்கும் போவார்கள்.

மருந்தாளரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நோன்பு மாதம் வருகிறது. காலை, பகல், இரவு என்று மூவேளை குளிசை எழுதப்பட்டவர் ஸஹருக்கும் நோன்பு திறப்புக்கும் அதை எப்படிப் பங்கிடுவது? இன்சுலின் ஏற்றுபவர் நோன்பு பிடிக்கலாமா? பிடித்தால் உடல் நடுங்கும்போது என்ன செய்வது? இக்கேள்விகள் ஆண்டுதோறும் இக்கரையில் ஆயிரக்கணக்கான வீடுகளில் எழுகின்றன. விடை சொல்ல வேண்டியவர், வைத்தியருடன் கலந்து மருந்தை ஒழுங்குபடுத்தத் தெரிந்த மருந்தாளர். சிறிய யன்னல் ஒன்றினூடாகப் பொட்டலத்தை நீட்டுவது மட்டுமே அவருக்கு விதிக்கப்பட்ட வேலையானால், நோயாளி பக்கத்து வீட்டாரிடமே ஆலோசனை கேட்பார், அவ்வாறே கேட்கிறார். நாட்டு வைத்தியமும் இதனோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. நிந்தவூரில் ஆயுர்வேத வைத்தியசாலை உண்டு. யூனானியும் சித்தமும் ஆங்கில வைத்தியமும் ஒரே வீட்டில் புழங்குகின்றன. ஒருவரிடம் வாங்கிய கஷாயத்தை மற்றவரிடம் மறைக்கும் பழக்கம் நோயாளிக்குக் கேடு. மறைக்க வேண்டாமென்று ஒரு வார்த்தை சொல்லவும் மருந்தகத்தில் நேரமுள்ள ஒருவர் தேவை.

இவையெல்லாம் செல்வந்த நாடுகளுக்கே ஆகும் என்பார் உளர். இங்கிலாந்திலே 2019ஆம் ஆண்டு முதல், அயலிலுள்ள குடும்ப வைத்தியர் நிலையங்கள் குழுக்களாகச் சேர்க்கப்பட்டு, மருந்தாளர், இயன்மருத்துவர், நோயாளிக்குச் சமூக உதவிகளை இணைத்துக் கொடுப்பவர் முதலியோரை அமர்த்த அரசாங்கம் பணம் கொடுத்தது. வைத்தியர் போதாத காரணத்தாலேயே அந்நாடும் இவ்வழியை நாடியது என்பதைக் கவனிக்க வேண்டும். அது தூரத்து நாடு என்றால் தமிழ்நாட்டைப் பார்க்கலாம். 2021 ஆகஸ்டில் அங்கே தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டத்தில், ஊர்ப் பெண்களே தொண்டர்களாகப் பயிற்றப்பட்டு, பிறசருக்கும் சீனிக்குமான மருந்தை வீட்டு வாசலிற் கொடுக்கிறார்கள். படுக்கையிலிருப்போரைப் பார்க்க இயன்மருத்துவரும் தாதியும் செல்கிறார்கள். பாக்கு நீரிணைக்கு அப்பால் இயல்வது இங்கே இயலாதா?

இயலும் என்று எமது அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது. 2018ஆம் ஆண்டின் சுகாதாரக் கொள்கை ஒவ்வோர் ஆரம்ப வைத்திய நிலையத்துக்கும் குறித்த ஒரு மக்கட்தொகையை ஒப்படைத்து, அவற்றைப் பெரிய வைத்தியசாலையுடன் கொத்தணியாக இணைக்க வேண்டும் என்கிறது. களுத்துறையில் 1926இல் தாய்க்குச் செய்ததை எல்லோருக்கும் செய்வதே இதன் சாரம். உலக வங்கியும் அதே ஆண்டில் ஆரம்ப வைத்தியத்தைப் பலப்படுத்த 20 கோடி டொலர் ஒதுக்கியது. அதன் பின்னர் கொள்ளைநோய் வந்தது, 2022இல் நாட்டின் கஜானா வரண்டது, மருந்து தட்டுப்பட்டது, வைத்தியர்கள் பலர் கடல் கடந்தனர். வைத்தியர் குறையும்போது தாதியும் மருந்தாளரும் இன்னும் அவசியமாகின்றனர் என்பதே எமது வாதம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம், போதனா வைத்தியசாலைகளையும் விசேட வைத்தியசாலைகளையும் ஒதுக்கிவிட்டு, ஏனைய வைத்தியசாலைகளையும் மருந்தகங்களையும் மாகாணத்தின் கையில் கொடுத்தது. ஊர் மருந்தகத்துக்கு ஒரு தாதி வேண்டுமென்று கேட்கும் இடம் மாகாண சபையாயிருந்திருக்கும். ஆனால் கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிந்தது. தேர்தலின்றி ஆண்டுகள் பல உருண்டன. மக்கள் தெரிந்தெடுத்த ஒருவரும் பதில் சொல்லாத நிலையில் ஆளுநரின் கீழ் நிருவாகம் நடந்தது. கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப் பிரமுகர் வருவார். ஆளணிக்கு அடிக்கல் இல்லை. திறப்பு விழாவும் இல்லை. ஆகவே அதற்குக் குரலும் இல்லை.

ஆளணி என்பது இரண்டு எண்கள். அங்கீகரிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை. இவ்வெண்களை மறைக்க எவருக்கும் உரிமையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் தமிழிலேயே இவற்றைக் கேட்கலாம். காரணம் கூற வேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாயாற் கேட்டாலும் தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ளக் கடமைப்பட்டவர். கொடுப்பதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவித்தாக வேண்டும். பள்ளிவாசல் நிருவாக சபைகளும் ஆலய பரிபாலன சபைகளும் கமக்காரர் அமைப்புகளும் பெரும்போக வேலைகள் தொடங்குமுன் தத்தம் ஊர் மருந்தகத்துக்கென ஒரு விண்ணப்பத்தைக் கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனைக்கு அனுப்பட்டும்: தாதி, மருந்தாளர், குடும்ப நல மாது, ஆய்வுகூட உத்தியோகத்தர், இயன்மருத்துவர் என்று பதவி பதவியாக. கிடைக்கும் பதிலில் ஒரு பிரதியை எமக்கும் அனுப்பினால், மருதமுனை முதல் பொத்துவில் வரை ஊர்வாரியாக, தமிழூர் முஸ்லிமூர் என்ற பிரிவின்றி, ஒரே அட்டவணையில் இப்பக்கத்தில் வெளியிடுவோம்.