மீட்டர் முள்ளைப் பார்த்து ஆன்டெனாவை வெட்டுகிறவர்கள்

சி.பி. ரேடியோ (பொதுமக்கள் பேசிக்கொள்ளும் குறுந்தூர ரேடியோ) வைத்திருப்பவர்களிடம் அசைக்க முடியாத நம்பிக்கை ஒன்று இருக்கிறது: ஃபில்டர் போட்டால் ஆன்டெனா மேட்ச் கெட்டுவிடும். செட்டுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் லோ-பாஸ் ஃபில்டரைச் செருகுகிறார்கள். திரும்பி வரும் அலையை வைத்து மேட்ச்சை அளக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரின் முள் (1 என்றால் கச்சிதம்) 1.4-லிருந்து 1.7-க்குப் போகிறது. உடனே ஏணியை எடுத்துக்கொண்டு கூரைக்குப் போய், ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த ஆன்டெனாவின் நுனியை வெட்டுகிறார்கள். எதிர்க்கட்சி ஒன்றும் உண்டு. ஃபில்டர் போட்டதும் முள் இறங்கிவிட்டது, ஆகவே ஃபில்டர் ஆன்டெனாவைச் சரிசெய்துவிட்டது என்று சொல்கிறவர்கள் அவர்கள். இரண்டு கட்சியும் செய்வது ஒரே தப்பு: மீட்டர் காட்டுவதெல்லாம் ஆன்டெனாவின் குணம் என்று எடுத்துக்கொள்வது. மீட்டருக்குத் தெரிந்தது, தனக்கு அந்தப் பக்கம் தொங்குகிற எல்லாமும் சேர்ந்து எப்படித் தெரிகிறது என்பது மட்டும்தான்.

ஃபில்டர் வந்த காரணத்தையே பலர் மறந்துவிட்டார்கள். அமெரிக்காவில் சி.பி. சேனல்கள் 26.965 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 27.405-ல் முடிகின்றன. அவற்றின் இரண்டாவது ஹார்மானிக், அதாவது இரட்டிப்பு அதிர்வெண், 53.93 முதல் 54.81 வரை வரும். அங்கே டி.வி.யின் இரண்டாவது சேனல் தொடங்குவதே 54-ல். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு லாரிக்காரர்கள் மூலம் சி.பி. வீட்டுக்கு வீடு பரவியபோது, பக்கத்து வீட்டு டி.வி.யில் கோடு கோடாக ஓடியதற்கு இது ஒரு காரணம். 27-ஐ விட்டுவிட்டு அதற்கு மேலே உள்ளதைத் தடுக்க, சில சுருள்களும் கெப்பாசிட்டர்களும் வைத்த உலோகப் பெட்டி ஒன்றை நடுவில் போட்டார்கள். அதன் வேலை அவ்வளவுதான். (செட்டின் மூல அலையே பலமாகப் பாய்ந்து டி.வி. திணறினால் இந்தப் பெட்டி உதவாது. டி.வி. பக்கம் ஹை-பாஸ் ஃபில்டர் போட வேண்டும். அது தனிச் சண்டை.)

இந்தப் பெட்டி இரண்டு பக்கமும் 50 ஓமுக்கென்று செய்யப்பட்டது. ஒரு பக்கம் சரியாக 50 ஓம் மாட்டினால் மறுபக்கம் ஏறக்குறைய 50 ஓம் தெரியும். ஏறக்குறைய என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 0.1 டெசிபல் ரிப்பிள் (கடத்தும் பகுதியிலேயே ஏற்ற இறக்கம்) உள்ள செபிஷேவ் வகை ஃபில்டர், இழப்பே இல்லாவிட்டாலும், தன் பங்குக்கு 1.36 வரை எஸ்.டபிள்யூ.ஆர். காட்டலாம். அது பழுது இல்லை, வடிவமைப்பே அப்படி. 27-க்கு மிக அருகிலேயே வெட்டத் தொடங்கும் ஃபில்டர் என்றால் இன்னும் மோசமாகும்.

இப்போது கணக்குக்கு வருவோம். காரில் வைக்கும் கால் அலை நீள விப் ஆன்டெனா நல்ல தரைத்தளத்தின் மேல் ஏறத்தாழ 36 ஓம் காட்டும். அதாவது 1.4. அதோடு 1.2 உள்ள ஃபில்டரைச் சேர்த்தால் மீட்டர் என்ன காட்டும்? இரண்டையும் பெருக்கினால் வருகிற 1.68-க்கும் வகுத்தால் வருகிற 1.17-க்கும் இடையில் எதை வேண்டுமானாலும் காட்டும். ஃபில்டரிலிருந்து திரும்பும் அலையும் ஆன்டெனாவிலிருந்து திரும்பும் அலையும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றனவா, காலை வாருகின்றனவா என்பதைப் பொறுத்தது அது. அதைத் தீர்மானிப்பது ஃபில்டருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் உள்ள கேபிளின் நீளம். அதே ஆன்டெனா, அதே ஃபில்டர், ஒரு மீட்டர் கேபிள் கூடுதல்: கெட்டது நல்லதாகிவிடலாம். ஆன்டெனாக் கம்பி இதில் துளியும் மாறவில்லை.

சரி, 1.68-க்கே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். நஷ்டம் என்ன? 1.4-ல் அனுப்பியதில் 2.8 சதவீதம் திரும்புகிறது, 1.68-ல் 6.4 சதவீதம். 4 வாட் செட்டில் வித்தியாசம் 0.15 வாட் அளவு. எதிர்முனையில் கேட்பவரின் எஸ்-மீட்டர் ஒரு படி நகரவே 6 டெசிபல் வேண்டும். இது 0.2 டெசிபலைக்கூடத் தொடாது. இதற்கா ஏணி?

எதிர்க்கட்சியின் மகிழ்ச்சி இதைவிட ஆபத்தானது. ஆன்டெனா 3 என்ற மோசமான நிலையில் இருக்கட்டும். நடுவில் 3 டெசிபல் விழுங்கும் மட்டமான பெட்டி ஒன்றைப் போட்டால் மீட்டர் 1.67 என்று சிரிக்கும். போகும்போது பாதி சக்தி பெட்டிக்குள்ளேயே சூடாகிறது, திரும்பி வருவதிலும் பாதி அங்கேயே தீர்கிறது. மீட்டர் வரை வந்து சேர்வது கொஞ்சம்தான் என்பதால் முள் பணிவாக இருக்கிறது. தண்ணீர் இறங்கிய பழைய கேபிளும் இதே அற்புதத்தைச் செய்யும். அதை மட்டும் யாரும் பாராட்டுவதில்லை.

முள் 1.4-லிருந்து 2.5-க்குத் தாவினால்? அப்போதும் நுனியை வெட்டாதீர்கள். ஃபில்டர் பழுதாக இருக்கலாம், கூடுதலாகப் போட்ட சின்னக் கேபிளின் பி.எல்.259 கனெக்டரில் வலைக்கம்பி சரியாகப் பற்றவைக்கப்படாமல் இருக்கலாம். பெரும்பாலும் வேறு ஒன்று: ஆன்டெனாவின் அடியில் தரை சரியில்லாமல், கேபிளின் வெளி உறைமேல் மின்னோட்டம் ஏறி, கேபிளே பாதி ஆன்டெனாவாகிவிட்டது. கேபிளைக் கையால் பிடித்தால் முள் அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் நோய் அங்கேதான். எய்தவன் இருக்க அம்பை நோகாதீர்கள்.

மீட்டர் முள் நம்பிக்கையின் உடன்பிறப்புதான் 18 அடி கேபிள் சாத்திரம்: கேபிள் சரியாக அரை அலை நீளம், அதாவது 18 அடி, இருக்க வேண்டுமாம். 19-ஆவது சேனலான 27.185-ல் அரை அலை நீளம் காற்றில் 5.51 மீட்டர், அதாவது 18 அடி. ஆனால் அலை ஓடுவது காற்றில் இல்லை, கேபிளுக்குள். சாதாரண ஆர்.ஜி.58-ல் அலை 0.66 மடங்கு வேகத்தில் போவதால் அரை அலை நீளம் 12 அடிதான். சாத்திரம் எழுதியவர் இதை மறந்துவிட்டார். பின்பற்றுகிறவர்கள் இன்னும் 18 அடி அளந்து வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஃபில்டரைக் கழற்றிவிட்டு முதலில் ஆன்டெனாவை மட்டும் சரிசெய்யுங்கள். 1, 20, 40 ஆகிய மூன்று சேனல்களிலும் 1.5-க்குள் வரட்டும். பிறகு ஃபில்டருக்குப் பின்னால் 50 ஓம் டம்மி லோடை (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் மின்தடையை) மாட்டி அதைத் தனியாகச் சோதியுங்கள், 1.2-ஐத் தாண்டினால், பழுது இல்லாவிட்டாலும், அந்தப் பெட்டியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். மீட்டரைச் செட்டுக்கும் ஃபில்டருக்கும் நடுவில் வையுங்கள், ஏனென்றால் மீட்டருக்குள் இருக்கும் டயோடும் சிறு அளவில் ஹார்மானிக் உண்டாக்கும். இரண்டும் தனித்தனியே தேறிவிட்டன, சேர்த்தபின் முள் 1.8-க்குள் நிற்கிறது என்றால் பேசத் தொடங்குங்கள். அதற்கு மேல் போனால் கேபிளையும் தரை இணைப்பையும் பாருங்கள். ஆன்டெனாவைத் தொடாதீர்கள்.