சோளத்துக்குப் போட்ட யூரியா எங்கே போகிறது?

இலங்கையில் பசளையைப் பற்றிப் பேசாத அரசாங்கம் கிடையாது. 2005 இல் நெல் விவசாயிக்கு ஒரு மூடை 350 ரூபாய் என்றார்கள். பிறகு காசாகத் தருகிறோம் என்றார்கள். அதற்குப் பிறகு இலவசம். 2021 இல் இரசாயனப் பசளையே வேண்டாம் என்றார்கள். 2024 இல் நெல்லுக்கான மானியம் ஹெக்டயருக்கு 25,000 ரூபாயாக உயர்ந்தது. இருபது வருடங்களாக விலை, அளவு, மானியம், தடை என்று எல்லாம் பேசியாகிவிட்டது. போட்ட பசளையில் எவ்வளவு பயிருக்குள் போனது என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

இந்தக் கேள்வியை நெல்லை விடச் சோளத்திடம் கேட்பதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன். அனுராதபுரம், மொனராகலை, பதுளை, அம்பாறை மாவட்டங்களிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் வன்னியின் மேட்டுநிலங்களிலும் பெரும்போக மழையை நம்பிச் செய்யும் பயிர் இது. வாய்க்கால் தண்ணீர் கிடையாது. பசளைக் கொள்கை எப்போதும் நெல்லை மையமாக வைத்தே எழுதப்படுவதால், மேட்டுநிலக்காரருக்குக் கிடைப்பது பெரும்பாலும் மிச்சம்தான். நைதரசனை மிக அதிகமாகக் கேட்கும் பயிர்களில் சோளமும் ஒன்று. யூரியா வீணானால் நட்டம் முழுவதும் அவருடைய சொந்தக் காசு, அல்லது அவர் பட்ட கடன்.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். யூரியாவில் 46 வீதம் நைதரசன். 50 கிலோ மூடை ஒன்றில் 23 கிலோ. விவசாயத் திணைக்களம் நீண்டகாலமாகச் சொல்லிவந்த சிபாரிசு ஹெக்டயருக்கு 325 கிலோ யூரியா: அடிக்கட்டாக 75 கிலோ, நான்கு கிழமை கழித்து மேற்கட்டாக 250 கிலோ. ஏக்கருக்கு இது இரண்டரை மூடைக்குச் சற்று மேல், அதாவது ஏறத்தாழ 60 கிலோ நைதரசன். ஒரு தொன் சோளமணியில் இருக்கும் நைதரசனோ சுமார் 15 கிலோதான். ஏக்கருக்கு ஒன்றரைத் தொன் விளைந்தால், லொறியில் ஏறிப் போவது 22 கிலோவை ஒட்டிய அளவு. ஆக, இரண்டரை மூடை போட்டு ஒரு மூடையை மணியாக எடுக்கிறோம். அந்த ஒரு மூடையிலும் ஒரு பகுதி மண்ணில் ஏற்கெனவே இருந்ததாக இருக்கலாம்.

மிச்சம் முழுவதும் வீண் என்று சொல்ல முடியாது. தண்டிலும் இலையிலும் கொஞ்சம் இருக்கும், மண்ணில் கொஞ்சம் தங்கும். ஆனாலும் உலகளவில் தானியப் பயிர்களுக்குப் போடும் நைதரசனில் ஏறத்தாழ 33 வீதமே தானியமாகத் திரும்புகிறது என்று 1999 இல் வெளிவந்த ரோன், ஜோன்சன் ஆகியோரின் ஆய்வு கணக்கிட்டது. எனவே நம்முடைய விவசாயி மட்டும் விசேடமாக வீணாக்குகிறார் என்ற பேச்சு எடுபடாது. ஆனால் நாம் ஒவ்வொரு மூடையையும் டொலர் கொடுத்து இறக்குகிறோம். உக்ரேன் போருக்குப் பிறகு 2022 இல் உலகச் சந்தையில் ஒரு தொன் யூரியா 900 டொலரைத் தாண்டிய காலத்தில், இங்கே ஒரு மூடை 40,000 ரூபாய் வரை கறுப்புச் சந்தையில் கைமாறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

யூரியா மூன்று வழிகளில் தப்பிப் போகிறது. மண்ணின் மேல் தூவி விட்டால், ஈரமும் வெப்பமும் சேர்ந்து அதை அமோனியா வாயுவாக்கிக் காற்றில் விடும். மண்ணுக்குள் போய் நைத்திரேற்றாக மாறிய பிறகு கனமழை வந்தால் வேருக்குக் கீழே இறங்கிவிடும். தண்ணீர் கட்டி நின்றால் நைதரசன் வாயுவாகவும் நைத்திரசு ஒட்சைட்டாகவும் வெளியேறும். பின்னது காபனீரொட்சைட்டை விட 270 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு. நிலத்தடிக்கு இறங்குவது என்னவாகும் என்பதை யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. வெங்காயமும் மரக்கறியும் செய்யும் தோட்டங்களைச் சுற்றிய கிணறுகளில் நைத்திரேற்று ஏறிய கதை அங்கே பல வருடப் பழசு.

சோளத்துக்கு நைதரசன் எப்போது தேவை என்று பார்த்தால் சிக்கல் இன்னும் தெளிவாகும். முளைத்து ஆறு இலை வரும் வரை அது மிகக் குறைவாகவே எடுக்கும். எட்டு இலை அளவில் பசி தொடங்கும். பூக்கும் வரையான அந்த நான்கைந்து கிழமைக்குள் மொத்தத் தேவையில் பெரும்பங்கை உறிஞ்சிவிடும். நமது பக்கம் ஒக்டோபர் கடைசியில் விதைத்தால் நான்காவது கிழமை நவம்பர் கடைசியில் வரும். வடகீழ்ப் பருவமழை உக்கிரம் பிடித்து, வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகும் நாட்கள் அவை. 250 கிலோவையும் ஒரே தடவையில் அப்போது கொட்டுவது, நல்ல வருடத்தில் பயிருக்கும் கெட்ட வருடத்தில் ஆற்றுக்கும் போகிற சூதாட்டம்.

இரண்டாகப் பிரித்துப் போடலாம். நான்காம் கிழமையில் ஒரு பங்கு, பூக்குஞ்சம் வருமுன் ஆறாம், ஏழாம் கிழமையில் இன்னொரு பங்கு. தூவாமல் செடிக்குப் பக்கத்தில் வைத்து, களை எடுத்து மண் அணைக்கும்போதே மூடிவிடலாம். கனமழை அறிவித்தல் இருந்தால் இரண்டு நாள் பொறுக்கலாம். இவற்றில் எதுவும் புதிய விஞ்ஞானம் இல்லை. வவுணதீவுப் பக்கம் சோளன் செய்கிறவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, எனக்கு யாரும் ஆச்சரியமாகக் காது கொடுக்கவில்லை. அடி இலை நுனியிலிருந்து நடுநரம்பு வழியே மஞ்சள் பிடித்தால் பசி என்று அவர்களுக்குத் தெரியும். மழைக்கு முன் போட்டால் போய்விடும் என்றும் தெரியும். பிறகு ஏன் ஒரே தடவையில் போடுகிறார்கள்?

கூலி முதல் காரணம். இரண்டு தடவை போடுவதென்றால் இரண்டு தடவை ஆள் பிடிக்க வேண்டும். யானைக்குக் காவல் இருந்து இரவு முழித்தவர்களின் கை பகலில் எத்தனை வேலைக்கு வரும்? அதைவிடப் பெரிய காரணம் கடன். விதையும் பசளையும் வியாபாரியிடம் கடனாக எடுத்து, அறுவடையை அவரிடமே கொடுத்துக் கழிப்பது மேட்டுநிலச் சோளத்தின் வழமை. மூடை கைக்கு வரும் நாள்தான் போடும் நாள். கடனுக்கு வந்த மூடையைக் குடிசையில் மழைக்கால ஈரத்தில் வைத்திருந்தால் கட்டிபட்டுப் போகும். ஆகவே போட்டு முடிக்கிறார்கள். இதை அறியாமை என்று எழுதும் திட்ட அறிக்கைகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

இனி 2021 க்கு வருவோம். 2019 ஒக்டோபரில் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டத்தின் துணையுடன் கொழும்பில் ஒரு மாநாடு நடந்தது. 2030 க்குள் நைதரசன் விரயத்தை அரைவாசியாகக் குறைப்போம் என்று அங்கே வெளியிட்ட கொழும்புப் பிரகடனம் உலகளவில் பேசப்பட்டது. குறைக்கச் சொன்னது விரயத்தை. பதினெட்டு மாதம் கழித்து, 2021 மே மாத வர்த்தமானி நைதரசனையே நிறுத்தியது. பிரகடனம் வெளியான அதே தலைநகரில் அதன் முதல் எழுத்தைக் கூட யாரும் வாசிக்கவில்லை போலிருக்கிறது. நவம்பர் இறுதியில் தடையை விலக்கினார்கள். சோளத்துக்கு மேற்கட்டுப் பசளை போடும் கிழமை அது. கடைகளில் யூரியா இல்லை. அந்தப் பெரும்போகச் சோள விளைச்சல் சரிந்தது, கோழித்தீவனம் தட்டுப்பட்டது, பண்ணைகள் கோழிகளைக் குறைத்தன. டொலர் பஞ்சமும் சேர்ந்துகொள்ள, 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கினோம்.

அந்த நாட்களில் மாட்டெருவைப் போடுங்கள் என்று மேடைகளில் சொன்னார்கள். மக்கிய மாட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில்தான். ஏக்கருக்கு 60 கிலோ வேண்டுமென்றால் ஆறு தொன் எரு. அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதியே. எரு மண்ணின் பிடிமானத்தைக் கூட்டும், போட்ட யூரியாவைத் தாங்கி வைக்கவும் உதவும். யூரியாவுக்குத் துணையாக அதன் மதிப்பு பெரிது. ஒரே இரவில் அதன் இடத்தைப் பிடிக்க அதனால் முடியாது.

மாட்டெரு என்றால் மாடு வேண்டும், மாட்டுக்கு மேய்ச்சல் தரை வேண்டும். மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனைப் பகுதிகளில் வெளிமாவட்டத்தவர் மேய்ச்சல் நிலத்தைப் பிடித்துச் செய்த பயிர் எது? சோளம். 2020 இலிருந்து இந்த முறைப்பாடு இருக்கிறது. 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். எருவைப் போடு என்று கொழும்பில் சொன்ன அதே அரசாங்கத்தின் காலத்தில்தான், எரு தரும் மாடுகளின் நிலம் சோளச் சேனையானது. இதை யாரும் பசளைப் பிரச்சினையாகப் பார்ப்பதில்லை. நிலப் பிரச்சினையாக, இனப் பிரச்சினையாகப் பார்க்கிறோம். அது சரிதான். ஆனால் இது பசளைப் பிரச்சினையும்தான்.

வேறு வழிகளும் உண்டு. சோளத்துக்கு ஊடே கௌப்பி, அல்லது அடுத்த போகத்தில் கச்சான், பயறு என்று மாற்றிச் செய்தால் அவை காற்றிலுள்ள நைதரசனை வேரில் பிடித்துத் தரும். அறுத்த தட்டையை எரிக்காமல் விடுவதும் உதவும். இவையெல்லாம் மெதுவாகப் பலன் தருபவை, சொந்தக் காணி உள்ளவருக்கே கட்டுப்படியாகும். அனுமதிப்பத்திரமும் இல்லாத சேனையில் அடுத்த வருட மண்ணுக்காக இந்த வருடம் யார் செலவழிப்பார்?

மானியத் தொகையைப் பற்றிப் பாராளுமன்றத்தில் வாதாடுபவர்களிடம் எனக்கு வேறு கேள்விகள் இருக்கின்றன. மஹஇலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையம் சோளத்தைப் பற்றி அறிந்தது படுவான்கரைக்கு எந்த மொழியில், யார் மூலம் வந்து சேர்கிறது? ஒரு விவசாயப் போதனாசிரியருக்கு எத்தனை கிராமம், எரிபொருளுக்கு எவ்வளவு? வளிமண்டலவியல் திணைக்களத்தின் கனமழை எச்சரிக்கை, பசளையை இரண்டு நாள் பிந்திப் போடுங்கள் என்ற தமிழ்க் குறுஞ்செய்தியாகக் கமநல சேவை நிலையத்திலிருந்து விவசாயியின் தொலைபேசிக்கு வருகிறதா? மானியத்தை விதைப்பு நேரத்தில் பாதி, ஆறாம் கிழமையில் பாதி என்று பிரித்துத் தர முடியுமா? கடைசிக் கேள்வியை ஒரு கமநல உத்தியோகத்தரிடம் கேட்டேன். முதல் பாதியே ஆறாம் கிழமையில்தான் வருகிறது என்றார்.