பெயரில் இருக்கும் ஊர், ஊரில் இல்லாத ஆலை... நியூகாசில் பிரவுன் ஏல் கதை!

"நாயை வாக்கிங் கூட்டிட்டுப் போய்ட்டு வர்றேன்!"

இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் நதிக்கரையில் இருக்கும் நியூகாசில் நகரத்தில் ஒருவர் இப்படிச் சொன்னால், அவர் வீட்டில் நாய் இருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் போவது பப்புக்கு. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் பிரவுன் ஏலுக்கு வைத்திருக்கும் செல்லப்பெயர்தான், 'நாய்'!

ஏல் என்பதும் பீர்தான். லாகர் வகை பீர் குளிர்ச்சியில் மெதுவாகப் புளிக்கும். ஏல் அதைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பான சூட்டில், சீக்கிரம் புளிக்கும். அதனால் அதில் லேசான பழவாசனை சேர்ந்துகொள்ளும்.

பழுப்பு நிறம் எங்கிருந்து வருகிறது? பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்தால் மால்ட். அதையே இன்னும் சூடேற்றி வறுத்தால் நிறம் கூடும். ரொட்டியை டோஸ்ட் செய்யும்போது எழும் அதே வாசனையும் வரும். கசப்பு தரும் ஹாப்ஸ் பூவுக்கு இங்கே சின்ன வேடம்தான். ஹீரோ, மால்ட்!

எப்படி ரசிக்கிறார்கள்?

ஐஸ் போலச் சில்லென்று இருந்தால் நாக்கு மரத்துவிடும், வாசனையும் எழாது. அதனால், பிரவுன் ஏல் ரசிகர்கள் 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியே போதும் என்பார்கள். முதலில் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். செம்மை கலந்த பழுப்பு தெரியும். அடுத்து மோந்து பார்ப்பார்கள். வறுத்த கொட்டைகள், கேரமல், டோஸ்ட் வாசனை வரும். பிறகு ஒரு சின்ன மடக்கு. முதலில் மெல்லிய இனிப்பு, கடைசியில் லேசான கசப்பு.

நியூகாசிலுக்கென்று தனிப் பழக்கமும் உண்டு. 550 மில்லி பாட்டிலை மொத்தமாகக் கவிழ்க்காமல், அரை பைன்ட் அளவுள்ள சின்ன கிளாஸில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொள்வார்கள். ஊற்றும்போதெல்லாம் புது நுரை, புது வாசனை.

அந்த பாட்டில் நிறமில்லாத கண்ணாடி. ஏலின் நிறம் அழகாகத் தெரியும்தான். ஆனால், வெயில் பட்டால் ஹாப்ஸில் உள்ள பொருள்கள் சிதைந்து துர்நாற்றம் வந்துவிடும். பல பீர்கள் பழுப்பு பாட்டிலில் வருவதற்குக் காரணம் இதுதான். எனவே, இதை இருட்டில் வைப்பதே நல்லது.

ஐந்து முனை நட்சத்திரம்

இந்த ஏலை உருவாக்கியவர் ஜிம் போர்ட்டர். நியூகாசில் புரூவரீஸ் நிறுவனத்தில் மூன்று ஆண்டுகள் மெனக்கெட்டு, 1927-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே லண்டன் கண்காட்சியில் பரிசுகள் குவிந்தன. லேபிளில் நீல நட்சத்திரமும் ஏறியது. அதன் ஐந்து முனைகள், 1890-ல் ஒன்றாக இணைந்த ஐந்து மது ஆலைகளைக் குறிப்பவை. தொண்ணூறுகளில் நியூகாசில் யுனைடெட் கால்பந்து வீரர்களின் ஜெர்சியிலும் இந்த பிராண்ட் இடம்பிடித்தது. ஆலையும் மைதானமும் பக்கத்துப் பக்கத்தில்!

2000-ல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் புவிசார் குறியீடு வழங்கியது. அதாவது, நியூகாசிலில் தயாரித்தால் மட்டுமே இந்தப் பெயரைப் பயன்படுத்த முடியும்.

ட்விஸ்ட் இதற்குப் பிறகுதான். 2005-ல் நிறுவனம் அந்த ஆலையை மூடிவிட்டு, தயாரிப்பை நதிக்கு அக்கரையில் இருக்கும் கேட்ஸ்ஹெட்டுக்கு மாற்றியது. இடையில் ஓடுவது ஒரு நதிதான். ஆனால், குறியீட்டின் எல்லை இக்கரையோடு முடிந்துவிட்டது. என்ன செய்தது நிறுவனம்? கேட்டு வாங்கிய குறியீட்டை ரத்துசெய்யச் சொல்லி, தானே விண்ணப்பித்தது. 2007-ல் குறியீடு போனது.

2008-ல் பிரிட்டனில் இருந்த அந்த நிறுவனத்தின் தொழில் ஹைனக்கன் வசமானது. 2010-ல் கேட்ஸ்ஹெட் ஆலையும் மூடப்பட்டு, தயாரிப்பு நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், யார்க்‌ஷயரின் டாட்காஸ்டருக்குப் போனது. டைன் கரையில் அதை நம்பியிருந்தவர்களின் வேலையும் போனது. மைதானத்துக்குப் பக்கத்தில் ஆலை இருந்த இடத்தில் இன்று ஆராய்ச்சிக் கூடங்களும் அலுவலகங்களும் நிற்கின்றன.

ருசி மாறிவிட்டதா? மால்ட்டையும் ஈஸ்ட்டையும் லாரியில் ஏற்றலாம், செய்முறையைத் தாளில் எழுதிக் கொடுக்கலாம். ருசியைப் பெரும்பாலும் வேறு ஊரிலும் கொண்டுவந்துவிட முடியும். ஆனால், ஊரின் பெயரைப் போட்டு விற்கும் பொருள், அந்த ஊருக்கு வேலையும் தர வேண்டுமல்லவா?

புவிசார் குறியீடு, வெளியாள் பெயரைத் திருடுவதைத் தடுக்கும். உரிமையாளரே ஊரைவிட்டுக் கிளம்பினால், அதனால் தடுக்க முடியாது. நியூகாசில் கற்றுக்கொண்ட பாடம் அது. லேபிளில் ஊர்ப்பெயர் அப்படியே இருக்கிறது, நீல நட்சத்திரமும் இருக்கிறது. அதன் ஐந்து முனைகளும் சுட்டும் ஊரில்தான் இன்று அந்த ஏல் காய்ச்சப்படுவதில்லை.

(மது அருந்துவது உடல்நலத்துக்குத் தீங்கானது.)