லீஸ் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது பில் எகிறுவது ஏன்? தவிர்ப்பது எப்படி?

மூணு வருஷம் மாதாமாதம் வாடகை கட்டியாச்சு. காரைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் லீஸ் நிறுவனத்தின் ஆள் வருகிறார். டார்ச் அடித்துக் காரைச் சுற்றிப் பார்த்து, டேப்லெட்டில் டிக் போட்டுவிட்டுக் கிளம்புகிறார். சில நாளில் மெயில் வருகிறது: பம்பர் கீறல், டயர் தேய்மானம், கூடுதல் கிலோமீட்டர், இரண்டாவது சாவி இல்லை. டெபாசிட் திரும்பவில்லை, அதற்கு மேலும் பணம் கேட்கிறார்கள்.

ஐடி ஊழியர்கள் சம்பளத்தோடு சேர்த்து லீஸ் கார் எடுப்பது பழைய வழக்கம். மாருதி சுசூகி 2020-ல் பெங்களூரு, குருகிராமில் மாதச் சந்தா திட்டத்தைத் தொடங்கியது. இப்போது தனிநபர்களும் இந்தப் பக்கம் வருகிறார்கள். இரு தரப்புக்கும் ஒரே விஷயம்தான்: கடைசி நாள் பேரத்தில் பெரிதாக ஒன்றும் குறையாது. குறைக்க வேண்டியதை அதற்கு முன்பே குறைக்க வேண்டும்.

கிலோமீட்டர்: பாதி வழியில் கணக்குப் போடுங்கள்

ஒரு உதாரணம். 36 மாத ஒப்பந்தம், வருஷத்துக்கு 15,000 கி.மீ. அனுமதி. மொத்தம் 45,000. ஆனால் 24-வது மாதத்திலேயே ஓடோமீட்டர் 36,000 காட்டுகிறது. இதே வேகத்தில் போனால் முடிவில் 54,000 ஆகும். 9,000 கி.மீ. கூடுதல். கி.மீ.க்கு 8 ரூபாய் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் 72,000 ரூபாய்.

அதோடு முடியாது. லீஸ் வாடகைக்கு, அந்தக் காரை விற்றால் என்ன ஜிஎஸ்டியோ அதே விகிதம்தான். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு 18%, பெரியவற்றுக்கு 40%. கூடுதல் கிலோமீட்டரையும் வாடகையாகவே கணக்கிட்டால் அந்த 72,000 ரூபாய், சிறிய காருக்கு 84,960 ஆகும். பெரிய எஸ்யூவிக்கு 1,00,800.

அதனால் 24-வது மாதத்திலேயே மெயில் போடுங்கள்: "கிலோமீட்டர் வரம்பை உயர்த்தினால் மாத வாடகை எவ்வளவு ஆகும்?" அந்தத் தொகையையும் கடைசியில் கட்ட வேண்டியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

எது தேய்மானம், எது சேதம்?

சண்டை பெரும்பாலும் இங்கேதான். வழக்கமான தேய்மானத்துக்குக் காசு கிடையாது, சேதத்துக்கு உண்டு. எல்லைக்கோடு எங்கே? பிரிட்டனில் வாகன வாடகை, லீஸ் நிறுவனங்களின் சங்கமான பிவிஆர்எல்ஏ இதற்கென ஒரு கையேடே வெளியிடுகிறது. இங்கே உங்களுக்கு ஆதாரம், உங்கள் ஒப்பந்தத்தின் பின்னிணைப்புதான். கீறல் எத்தனை சென்டிமீட்டர், டயரில் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று அதில் எண் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கார் கைக்கு வந்த அன்றே நாலு பக்கமும், உள்பக்கமும், ஓடோமீட்டரும் வீடியோ எடுங்கள். திருப்பிக் கொடுக்கும் நாளிலும் அப்படியே. காரைக் கழுவி, பகல் வெளிச்சத்தில், அவர்களுடைய ஆள் முன்னிலையில் எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி போதாது. தேதி, நேர விவரத்தோடு ஃபோனில் இருக்கும் அசல் ஃபைலை அழிக்காதீர்கள்.

பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடலாமா?

அவசரப்பட்டு தெருமுனை ஷெட்டில் விட்டால், ஒட்டுப்போட்ட பெயின்டுக்கே தனியாகப் பணம் பிடிப்பார்கள். முதலில் இன்ஷூரன்ஸைப் பாருங்கள். கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய தொகை 1,500 சிசி வரையிலான காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். ஜீரோ டெப் இருந்தால் பாகங்களின் தேய்மானக் கழிவும் பெரும்பாலும் இருக்காது. ஆனால் ஒவ்வொரு விபத்தும் தனி கிளெய்ம். மூணு வருஷக் கீறல்களைக் கடைசி வாரத்தில் ஒரே கிளெய்மாகக் கட்ட முடியாது. அடிபட்ட உடனே சொல்லி, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் சரிசெய்து, பில்லை வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத பாக்கி

ஆர்.சி. லீஸ் நிறுவனத்தின் பெயரில் இருந்தால், அபராதத் தகவல் உங்கள் ஃபோனுக்கு வராமலே போகலாம். பரிவாஹன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நீங்களே பார்த்து, கட்டிவிடுங்கள். தாமதித்தால் அபராதத்தோடு 'நிர்வாகக் கட்டணமும்' சேரலாம். ஃபாஸ்டாக் உங்கள் கணக்கில் இருந்தால் மூடிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்தவர் போகும் டோலுக்கு உங்கள் பணம் போகும். இரண்டாவது சாவி, ஸ்டெப்னி, ஜாக்கி, சர்வீஸ் பதிவுகளை எல்லாம் எடுத்துவைத்து, ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

நடுவில் வேலை மாறினால்?

கம்பெனி லீஸில் பெரிய அடி இதுதான். முன்கூட்டியே முடிக்கும் கட்டணம் உங்கள் இறுதி செட்டில்மென்டில் கழியலாம். இதற்கும் ஜிஎஸ்டி உண்டு என்கிறது மத்திய மறைமுக வரிகள் வாரியத்தின் 2022 ஆகஸ்ட் 3 சுற்றறிக்கை. வெறும் இழப்பீடாக வாங்கும் தொகைக்கு வரி இல்லை என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. எனவே சேதத்துக்கான பில்லில் வரி இருந்தால், எந்தத் தலைப்பில் என்று கேளுங்கள். ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன் மூன்று தொகைகளைக் கேட்டு வாங்குங்கள்: லீஸை இப்போதே முடித்தால், காரை நீங்களே வாங்கினால், புதிய நிறுவனத்துக்கு லீஸை மாற்றினால்.

அப்படியும் பில் வந்தால்?

ஒவ்வொரு சேதத்துக்கும் புகைப்படம், ரிப்பேர் எஸ்டிமேட், ஒப்பந்த ஷரத்து எண் ஆகிய மூன்றையும் கேளுங்கள். ஒப்பந்தத்தில் ஒரு தொகை போட்டிருப்பதாலேயே அதை முழுசாகக் கேட்க முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 74-ன்படி, அந்தத் தொகை உச்சவரம்பு. கிடைப்பது நியாயமான இழப்பீடு மட்டுமே. நஷ்டத்துக்குப் பொருந்தாத அபராதம் விதிக்கும் ஒப்பந்தம் 'நியாயமற்றது' என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019.

ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். "ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருக்கே" என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். அந்த ஷரத்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதைத் தடுக்காது என்று எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஒப்பந்தம் உங்கள் நிறுவனத்தின் பெயரில் என்றால், ஆட்சேபத்தை ஹெச்.ஆர். வழியாக எழுத்தில் அனுப்புங்கள். சம்பளத்தில் பணம் பிடித்த பிறகு அல்ல, அதற்கு முன்பே.